ஏழு நாள் குறைந்த மூன்று வருஷம்

வெள்ளைத்துரையைக் கெட்டவன் என்று சொல்கிறவர்கள் நாரணாபுரத்தில் பாதிப்பேர் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவனால் ஒரு உயிர் போனது உண்மைதான், அதை அவனே ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்ல வந்தால் அவன் பிறந்த இடத்திலிருந்து சொல்ல வேண்டும். போலீஸ் ஜீப் வந்து நின்ற இடத்திலிருந்து சொல்லக்கூடாது.

ஆமத்தூரில் பிறந்தான். அப்பா ஆண்டிச்சாமி, பெத்தணன் வீட்டுப் புஞ்சையில் பருத்தி எடுத்தும் மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சியும் பிழைத்தவர். மழை தொடர்ந்து பொய்த்த வருஷங்களில் கிணறு வற்றியது, கூடவே வேலையும் வற்றியது. பதினோரு வயதில் வெள்ளைத்துரையைத் தீப்பெட்டிக் கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். விடியுமுன் வண்டி வரும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கி உள்ளே உட்கார வைப்பார்கள். பகலெல்லாம் குச்சி அடுக்கிவிட்டு அதே வண்டியில் தூங்கி வழிந்துகொண்டு திரும்புவான். எழுத்துப் படிக்கவில்லை. தேதி பார்க்கவும் தெரியாது.

அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தேதி பெரிதாகத் தேவைப்பட்டதும் இல்லை. பட்டாசுக்காரர்களுக்கு வருஷம் என்பது தீபாவளியிலிருந்து தீபாவளி வரைக்கும்தான். சீசன் முடிந்து கம்பெனிக் கதவைச் சாத்தினால் ஒரு வருஷம் முடிந்தது. பூசை போட்டுத் திறந்தால் அடுத்த வருஷம். ஒரு கம்பெனியில் நிற்கிறேன் என்று வாக்குக் கொடுப்பதும் அப்படித்தான், பிள்ளையின் வயதைச் சொல்வதும் அப்படித்தான். "ஒம் மகளுக்கு என்ன வயசு?" என்று கேட்டால், "பொறந்து பதினாலு தீவாளி ஆச்சு" என்பான் வெள்ளைத்துரை. அதற்கு மேல் கேட்டால் விழிப்பான்.

பதினெட்டு வயதில் பட்டாசுக் கம்பெனிக்கு மாறினான். முதலில் வெடிக்கான காகிதக் குழாய் சுமந்தான், பிறகு வெடிமருந்து கலக்கும் அறைக்குப் போனான். அங்கேதான் அவன் கை எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தது. நாலு பக்கமும் கதவு வைத்த சின்ன அறை. காலைக் குளிர்ச்சியிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். பேசக்கூடாது, தரையில் காலைத் தேய்க்கக்கூடாது. சல்லடையை ஆட்டும்போது தொட்டில் பிள்ளையை ஆட்டுகிற மாதிரி ஆட்ட வேண்டும். இருபது வருஷம் அந்த அறையில் நின்றவன். ஒரு பொறி பறந்ததில்லை. புதுக் கம்பெனி திறக்கிறவர்கள் முதல் கலவைக்கு அவனைத் தேடி வருவார்கள், கைராசிக்காரன் என்று.

அவனுக்குப் பெண் கொடுத்தது பாண்டிராஜ். லாரிக்கு லோடு ஏற்றுகிற ஆள், நல்ல உடம்பு, வாயைத் திறந்தால் கேலி. தன் தங்கச்சி அய்யம்மாளை வெள்ளைத்துரைக்குக் கட்டிவைத்துத் தன் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே குடியும் வைத்துக்கொண்டான். பாண்டிராஜின் பெண்சாதி பொன்மணி, வெள்ளைத்துரையை வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்பாள். இரண்டு வீட்டுக் குழம்பும் இரண்டு வீட்டுக்கும் போகும்.

இரண்டாயிரத்து ஒன்று, பங்குனி மாதம். கம்பெனிகளில் வேலை இல்லாத காலம். வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு வெள்ளைத்துரை கருந்திரி செய்தான். நூலை மருந்துக் கஞ்சியில் முக்கி வெயிலில் காயவைத்து எடுக்கிற வெடித்திரி அது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் செய்ததும் தெரியும். ஆர்டர் அதிகம், கை போதவில்லை. "ஒரு அரை நாளு வாங்க மச்சான். கட்டுற வேல மட்டுந்தான்" என்று பாண்டிராஜைக் கூப்பிட்டான். கூப்பிட்டது அவன்தான். மருந்து தெரியாத ஆளைத் திரிக்கட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் எடுக்கப் போனதும் அவன்தான். காய்ந்த திரிக்கட்டைப் பாண்டிராஜ் லோடு கட்டுகிற மாதிரி வலுவாக இழுத்துக் கட்டியிருக்கிறான். உரசிவிட்டது.

எரிகிற கொட்டகைக்குள் புகுந்து வெள்ளைத்துரை மச்சானை இழுத்து வந்தான். அவனுடைய இடது கைத் தோல் முழங்கை வரை கழன்று தொங்கியது. பாண்டிராஜ் மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து செத்துப்போனான். அதற்குப் பிறகு பொன்மணி வெள்ளைத்துரையை அண்ணே என்று கூப்பிடவில்லை. எதுவும் சொல்லியே கூப்பிடவில்லை.

வழக்கு இரண்டரை வருஷம் ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கூண்டேறி, "நாந்தேன் கூப்புட்டேன், நாந்தேன் செஞ்சேன்" என்று வெள்ளைத்துரை சொல்லிவிட்டான். வக்கீல் அய்யாதுரை தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாயிரத்து மூன்று நவம்பர் பத்தாம் தேதி, தீபாவளி போய் இரண்டு வாரம் இருக்கும், தீர்ப்பு வந்தது. குற்றவாளிதான். பத்து வருஷம் வரை உள்ளே போடக்கூடிய பிரிவு. ஆனாலும் நீதிபதி அவன் கையைப் பார்த்தார், முன்னால் ஒரு வழக்கும் இல்லாததைப் பார்த்தார், தண்டனை சொல்லாமல் நன்னடத்தைப் பிணையில் விட்டார்.

வராந்தாவில் அய்யாதுரை விளக்கிச் சொன்னார். "ஆயுள் தண்டனை போடுற கேஸா இருந்தா இந்த வழியே கெடையாது. ஒனக்கு அந்தப் பிரிவு இல்ல, தப்பிச்சே. ரெண்டு வருஷம் சொன்னபடி இருந்துட்டா செயிலு இல்ல. இல்லேன்னா, கூப்பிட்டு இதே குத்தத்துக்குத் தண்டன குடுத்து உள்ள அனுப்பிருவாங்க. புரியுதா?"

"சொன்னபடின்னா என்னங்கய்யா?"

"மருந்தத் தொடக்கூடாது. பட்டாசுக் கம்பெனிக்குள்ள கால் வைக்கக்கூடாது. மாசத்துல மொதத் திங்கக்கெழம விருதுநகர் போயி நன்னடத்தை அலுவலர் முன்னால நிக்கணும். செத்தவரு வீட்டுப் பக்கம் போகக்கூடாது."

உத்தரவாதக் கையெழுத்துப் போட ஆமத்தூரிலிருந்து பெத்தணன் வந்திருந்தார், நிலப் பத்திரத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு. "ஏலே, எம் பொண்டாட்டிக்கே நான் இப்படி உத்தரவாதம் எழுதிக் குடுத்ததில்ல. ஒங்கப்பன் மொகத்துக்காக வந்தேன். எம் பத்திரம் அங்கன கெடக்குங்கிறத தெனமும் காலைல எந்திரிச்சதும் நெனச்சுக்க" என்றார். வெள்ளைத்துரை அவர் காலில் விழுந்தான்.

இப்படியாகத்தான் அந்த வாழ்க்கை தொடங்கியது. பொன்மணி வீடு பஸ் நிற்கிற ரோட்டுக்குப் போகிற தெருவில் இருந்தது. அந்தத் தெருவை விட்டுக் கருவேலங்காட்டு வழியாகச் சுற்றிப் போய்ப் பஸ் ஏறினான், மழையானாலும் வெயிலானாலும். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை கிடைத்தது. சல்லடை பிடித்த கைக்குக் கல் ஒத்துவரவில்லை. வெந்து ஆறிய தோல் வெடித்து வெடித்து ஆறியது. அய்யம்மாள் கம்பெனிக்குப் போனாள். அவள் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே குளித்து, சேலையை மாற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றான். அவள் சேலையில் ஒட்டிய மருந்து தன் கையில் பட்டால்கூடக் குற்றமாகிவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

"கட்டுன பொண்டாட்டியவே தொடக்கூடாதுன்னா எழுதியிருக்கான் ஒங்க கோர்ட்டு?" என்பாள் அய்யம்மாள்.

"சிரிக்காதத்தா. நான் உள்ள போயிட்டா புள்ள நெலம என்ன?"

அதுதான் அவனுடைய ஒரே பேச்சு. மகள் பாண்டிச்செல்வி படித்துக்கொண்டிருந்தாள். அவன் வம்சத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தான் வெளியில் இருந்து கல் சுமக்கிறவரை அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், தான் உள்ளே போனால் அவள் கம்பெனி வண்டியில் ஏறுவாள். இதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்றரை வருஷம் ஒரு பழுது சொல்லவிடாமல் இருந்தான். அதன் பிறகு பாண்டிராஜின் நினைவு நாள் வந்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. அய்யம்மாள் அண்ணனைப் புதைத்த இடத்தில் படையல் வைக்கப் போயிருந்தாள். சாயங்காலம் அவனும் எழுந்து நேராக அந்தத் தெரு வழியாக நடந்தான். பொன்மணி வீட்டு வாசலில் போய் மண்ணில் விழுந்தான்.

"தாயீ, ஒரு வார்த்த வஞ்சுட்டாவது போ" என்றான்.

பொன்மணி வையவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அலறினாள். தெரு கூடிவிட்டது. மறுநாள் அவளுடைய அண்ணன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மனுக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் போனான் என்று கோர்ட்டில் அய்யாதுரை எடுத்துச் சொன்னார். போகக்கூடாது என்று எழுதியிருக்கிறதே என்றார் நீதிபதி. முதல் தவறு என்பதால் ஐம்பது ரூபாய் அபராதம் விதித்தார், இரண்டு வருஷத்தை மூன்று வருஷமாக நீட்டினார்.

நன்னடத்தை அலுவலர் வேலுச்சாமி கெட்ட மனுஷர் இல்லை. அடுத்த திங்கட்கிழமை வெள்ளைத்துரையை உட்காரவைத்துச் சொன்னார். "இங்க பாருப்பா. சட்டத்துல இதுக்கு மூணு வருஷந்தான் எல்லை. மொத நாள்லேர்ந்து மூணு வருஷம். அதுக்கு மேல எந்த நீதிபதியாலயும் நீட்ட முடியாது. இது வரைக்கும் ஒரு தடவ மன்னிச்சு நீட்ட இடமிருந்துச்சு. இனிமே இல்ல. மறுபடி தவறுனா நேரா செயில்தான்."

அவன் காதில் விழுந்தது அதில் பாதிதான். மூன்று வருஷத்துக்கு மேல் யாராலும் நீட்ட முடியாது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சாமி வரம் கொடுத்த மாதிரி அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நடுவில் ஒருநாள் டீக்கடையில் கோட்டைச்சாமி பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "ஏப்பா வெள்ளை, ஒன் சங்கதிதான். மூணு வருசத்த அஞ்சாக்கப் போறாகளாம் டில்லியில" என்றான். கோட்டைச்சாமி பேப்பரைப் பாதி படிப்பான், மீதியைச் சொந்தமாகச் சேர்ப்பான். இருந்தாலும் வெள்ளைத்துரை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினான். வேலுச்சாமி சிரித்தார். "அப்படி ஒண்ணும் வரலை. மாத்தணும்னு யாராவது பேசுவாங்க, பேசினதெல்லாம் சட்டம் ஆயிருமா? ஒனக்கு மூணுதான், போ." அவன் நிம்மதியாகத் திரும்பி வந்தான். ஆனால் கோட்டைச்சாமி சொன்னது டீக்கடையோடு நிற்கவில்லை, தெருவெல்லாம் போயிருந்தது. பொன்மணி காதுக்கும் போயிருந்தது. அவளுக்கு அதை மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

இரண்டாயிரத்து நாலு தீபாவளி போனது. இரண்டாயிரத்து ஐந்து தீபாவளியும் போனது. இரண்டாயிரத்து ஆறில் தீபாவளி அக்டோபர் இருபத்தொன்றாம் தேதி வந்தது. அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெள்ளைத்துரை மகளைக் கூப்பிட்டு மூன்று விரலைக் காட்டினான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

இதைத்தான் சொல்ல வேண்டும். எல்லாரும், அறிவில்லாதவன், அவசரக்காரன் என்கிறார்கள். அந்த ஊர்க் கம்பெனிக்காரனில் எவனைக் கேட்டாலும் அன்றைக்கு மூன்று வருஷம் முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பான். வருஷம் தீபாவளியோடு முடியும், கணக்குத் தீர்ப்பதும் சீட்டுக் கிழிப்பதும் பிறகு சாவகாசமாக நடக்கும். "அடுத்த மாசம் வந்து கடைசிக் கையெழுத்துப் போட்டுரு" என்று வேலுச்சாமி அக்டோபரில் சொன்னதை அவன் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

தீபாவளி கழிந்து போர்மேன் கண்ணுச்சாமி வீட்டுக்கே வந்தார். நாரணாபுரத்துக்கு மேற்கே உள்ள ஒரு கம்பெனியில் மருந்து அறைகளுக்கு அவர்தான் பொறுப்பு. அய்யம்மாளும் பொன்மணியும் வேலை பார்ப்பதும் அங்கேதான்.

"ஏலே வெள்ளை, மூணு தீவாளி முடிஞ்சிருச்சுல்ல? கல்லு செமந்தது போதும்லே. வெள்ளிக்கெழம பூசை. மொதக் கலவைக்கு நீ வந்து கை வையி."

"காயிதம் ஒண்ணு வாங்கணும்ணே, விருதுநகர்ல."

"அது குடுக்கிறபோது குடுக்கட்டும். ஒன்ன கல்யாணத்துக்கா கூப்புடுறேன்? வேலைக்குலே."

அவர் போன பிறகு அய்யம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "திங்கக்கெழம சாரப் பாத்து ஒரு வார்த்த கேட்டுட்டு, அதுக்குப் பெறகு போனா என்னங்க?"

"கேட்டாச் சிரிப்பாரு. மூணு எண்ணத் தெரியாதவனான்னு."

அவள் பேசாமல் இருந்துவிட்டாள். அதை நினைத்து அவள் பின்னால் எத்தனை நாள் தலையைச் சுவரில் முட்டினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை, நவம்பர் மூன்றாம் தேதி. கம்பெனி வாசலில் வாழை கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். வெள்ளைத்துரை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மருந்து அறை வாசலில் நின்று கும்பிட்டான். உள்ளே போனான். சல்லடையைக் கையில் வாங்கினான். ஒரே ஒரு கலவை, கால் மணி நேர வேலை. தூசி கிளம்பாமல், சத்தம் வராமல் செய்து முடித்தான். "கை மறக்கல பாத்தியா" என்று கண்ணுச்சாமி பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். வெளியே வரும்போது அவன் விரல்களெல்லாம் வெள்ளி பூசினதுபோல் அலுமினியப் பவுடர்.

சரம் பின்னுகிற அறை வாசலில் பொரிப் பொட்டலத்தோடு பொன்மணி நின்றாள். அவள் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கமாகச் சுற்றிப் போனான்.

பொன்மணிக்குத் தேதி தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் அவளும் தீபாவளிக் கணக்குக்காரிதான், இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. தீர்ப்புச் சொன்ன நாளைக் காலண்டரில் கிழித்து, பாண்டிராஜ் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் படித்த பெண்ணைக் கூப்பிட்டு மாதா மாதம் எண்ணச் சொல்லுவாள். சனிக்கிழமை காலையில் தனியாகவே விருதுநகர் போனாள். மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி, கைநாட்டு வைத்து நன்னடத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை வெள்ளைத்துரை சலவை வேட்டி கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனான். சாருக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தான். வேலுச்சாமி பழத்தையும் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை.

"கையக் காட்டு."

காட்டினான். கழுவிக் கழுவிப் பார்த்தும் நகக்கண்ணில் பவுடர் அப்படியே இருந்தது. அது போக ஒரு வாரம் ஆகும்.

"கம்பெனிக்குப் போனியா?"

"ஆமா சார். வெள்ளிக்கெழம பூசை. மொதக் கலவை நாந்தேன் செஞ்சேன்" என்றான், ஒளிக்காமல். ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான். "மூணு வருசம்தேன் முடிஞ்சிருச்சே சார்."

"எப்ப முடிஞ்சுச்சு?"

"தீவாளியோட."

வேலுச்சாமி மேசையில் இருந்த காலண்டரை அவன் பக்கம் திருப்பி வைத்தார். படிக்கத் தெரியாது என்று நினைவு வந்ததும் திரும்பத் தன் பக்கமே திருப்பிக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கெழமதான்யா மூணு வருஷம் முடியுது. இன்னும் நாலு நாள் இருக்கு. நீ மருந்தத் தொட்ட அன்னைக்கு ஏழு நாள் இருந்துச்சு."

"ஏழு நாளா?"

"ஏழு நாள்."

"சார், இனிமே அந்த ஏழு நாளும் நான் வீட்டவிட்டே வெளிய வரமாட்டேன் சார். இல்ல, எழுவது நாளாப் போட்டுக்கங்க."

"நான் போட முடியாதுப்பா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ மட்டும் வந்து சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேனோ தெரியாது. மனு வந்துருச்சு. பதிவும் ஆயிருச்சு."

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த அன்று அய்யம்மாள் தெருக்குழாயடியில் பொன்மணியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தரை வருஷத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசியது அன்றைக்குத்தான்.

"ஏழு நாளு மதினி. ஏழு நாளைக்காகவா எழுதிக் குடுத்தீக?"

"ஒனக்கு ஏழு நாளு." பொன்மணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "ஒங்கண்ணனுக்குக் கோர்ட்டு அளந்து குடுத்ததே மூணு வருசந்தான். ஒரு ஆம்பள உசுருக்கு மூணே வருசம். சரின்னு வாங்கிக்கிட்டேன்ல? நான் அதுக்கு மேல கேட்டேனா? அதுலயும் ஏழு நாளைக் குறைச்சா நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"அவரு குறைக்கலயே. தெரியாமத்தான..."

"தெரியாமத்தான் கூப்புட்டாரு, தெரியாமத்தான் தண்ணி எடுக்கப் போனாரு. ஒம் புருசன் என்னைக்கு என்னத்தத் தெரிஞ்சு செஞ்சாரு?"

அய்யம்மாள் அழ ஆரம்பித்ததும் பொன்மணி குரலைத் தணித்தாள். "அழுகாத. என்ன பண்ணிருவாக? போன தடவ மாதிரி ஒரு வருசம் கூட்டுவாக. அஞ்சு வரைக்கும் கூட்டலாமாம்ல. கல்லு செமக்கட்டும் இன்னும் ஒரு வருசம். அம்புட்டுத்தான."

கேட்ட அய்யம்மாளுக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. இரண்டு பேரும் அந்த நம்பிக்கையோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள், ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து.

இரண்டாயிரத்து ஏழு, தை மாதக் கடைசி. நீதிபதி புதியவர். அய்யாதுரை எழுந்து, எழுத்தறியாதவர், நாள் எண்ணத் தெரியாதவர், ஊர் வழக்கப்படி தீபாவளிக் கணக்கில் எண்ணிவிட்டார், பிணைக் காலத்தை மேலும் ஒரு வருஷம் நீட்டினால் மறுப்பில்லை என்று கேட்டார்.

நீதிபதி கோப்பைப் புரட்டிப் பார்த்தார். "நீட்டுவதற்கு இடமிருந்தால் நீட்டியிருப்பேன். முதல் உத்தரவு நாளிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் போக எனக்கு அதிகாரமில்லை. மூன்று வருஷமும் தீர்ந்துவிட்டது. முதல் தவறு என்றால் அபராதத்தோடு விடலாம். அதையும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே வழி."

பின்வரிசையில் பொன்மணி எழுந்துவிட்டாள். கோர்ட் சேவகர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அய்யா, நான் கூட்டத்தான் சொன்னேன். உள்ள போடச் சொல்லல."

"நீங்கள் யார்?"

"செத்தவரு பொண்டாட்டி. மனுக் குடுத்தவ. ஒரு வருசம் கூட்டி விட்டுருங்க அய்யா."

"கூட்ட முடியாதம்மா."

"அப்ப அந்த ஏழு நாள மட்டும் வாங்கிக்கிட்டு விட்டுருங்க. எனக்கு அது போதும்."

நீதிபதி அவளைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலை. "சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை" என்று மட்டும் சொன்னார். அந்தப் பழைய குற்றத்துக்கு, ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்தப் பங்குனி மாதத்துக் குற்றத்துக்கு, நாலு வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பை வாசித்தார்.

போலீஸ்காரர்கள் மதுரைச் சிறைக்குக் கூட்டிப்போக வேனைக் கொண்டுவரும் வரை அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார்கள். பெத்தணன் வந்து சற்று நேரம் நின்றார். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒங்கப்பன் இருந்தா என்ன சொல்லியிருப்பான்னு தெரியலலே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளைத்துரை அழவில்லை. அய்யம்மாளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"புள்ளைய வண்டியில ஏத்திறாத."

"ஏத்தல."

"பத்தாவது முடிக்கட்டும்."

"முடிப்பா. நீங்க போங்க."

சொல்லிவிட்டாள். அவள் பொய்க்காரி இல்லை. ஆனால் ஒற்றைச் சம்பளத்தில் வீடு எத்தனை நாள் ஓடும்? மாசி மாதத்து அம்மன் பொங்கல் வரை ஓடியது. அதற்குள் அய்யம்மாளுக்கு நெஞ்சுச் சளி கட்டிப் பத்து நாள் படுத்துவிட்டாள். பொன்மணி ஒருநாள் வாசல் வரை வந்தாள், உள்ளே வரவில்லை. "புள்ள படிக்கட்டும். நான் கூட ரெண்டு மணி நேரம் இருந்து சரம் பின்னிக் குடுக்குறேன்" என்றாள்.

"வேண்டாம் மதினி."

"வீம்பு பண்ணாதடி."

"ஒங்க ஒழைப்புல எம் மக படிச்சான்னு தெரிஞ்சா அவரு அங்கன சோறு திங்க மாட்டாரு" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் அய்யம்மாள்.

பாண்டிச்செல்வி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மாவின் பழைய சேலையைப் பாவாடைக்கு மேல் சுற்றிக்கொண்டு கம்பெனி வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள். வண்டிக்குள் பொன்மணி இருந்தாள். பெண்ணைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

கம்பெனியில் இறங்கியதும் கண்ணுச்சாமி வந்து பெண்ணைப் பார்த்தார். "வெள்ளை மகளா? அப்பன் கை இருக்கும்லா. மருந்து அடைக்கிற ரூமுக்கு வாம்மா, கூலி கூட" என்றார்.

பொன்மணி இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இவ பெட்டி ஒட்டுவா. லேபிள் ஒட்டுவா. அந்த ரூமுப் பக்கம் இவ காலு படக்கூடாது."

"கூலி கம்மியாச்சே பொன்மணி. அவுக வீட்டு நெலம..."

"அவுக வீட்டு நெலம எனக்குத் தெரியும். எங்க வீட்டுல ஒண்ணு போனது போதும், அவுக வீட்டுல ஒண்ணு உள்ள கெடக்குறது போதும்." அவள் குரல் கம்பெனி முற்றம் முழுக்கக் கேட்டது. "இவள அந்தப் பக்கம் அனுப்பினீகன்னா, எனக்கு மனுக் குடுக்கத் தெரியும்ணே."

கண்ணுச்சாமி மருந்து அறைப் பக்கம் திரும்பி நடந்தார். பொன்மணி பெண்ணின் கையைப் பிடித்துப் பெட்டி ஒட்டுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போய், பசைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தன் சரத்துக்குத் திரும்பிப் போனாள்.